அக்காவின் கைக்கு ஒரு பிஸ்ரல்

ரெக்ஸாஸ்
09.02.2025

அன்புத் தங்கை கிருபாமலருக்கு,

கர்த்தர் காத்ததால் நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் மகள் தபிதாவும் அந்த டென்மார்க் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் நோ குறைந்ததா? எழுத்தைப் பார்த்துத் திகைக்காதே. என் கண்ணாடி உடைந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார்.

நிற்க. கடையில் நடந்த களவைப் பற்றி நீ குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேட்டாய். அங்கே நான் இருமினாலே ஒஸ்லோவிலிருந்து ரொறன்ரோ வரை ஜெபக்கூட்டம் வைத்துவிடுவார்கள். அதனால்தான் கடிதம். பட்டப்பகல், பதினொரு மணி. பெற்றோல் அடிக்க வந்தவன் போல வந்தான், துவக்கை நீட்டினான், காசு வைக்கிற இழுப்பு லாச்சியில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனான். எனக்கு ஒன்றும் இல்லை.

என் பிரச்சினை கள்வன் இல்லை, உன் பெறாமகன் ஜொனத்தன். சியாட்டிலில் இருந்துகொண்டு, "அம்மா, கடையை வில்லுங்கோ, எங்களோடை வந்து இருங்கோ" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடையின் குத்தகை நவம்பரில் முடிகிறது. இருபத்திரண்டு வருடம் அந்தக் கவுண்டரில் நின்றவள் நான். ஐம்பத்தெட்டு வயதில் மருமகளின் சோபாவில் குந்தியிருந்து ரீவி பார்க்க என்னால் முடியாது, கிருபா. "நான் துவக்கு வைச்சிருப்பன்" என்றேன். சிரித்தான். "நீங்களோ? லைசென்ஸ் சோதினையிலை பாஸ் பண்ணிக் காட்டுங்கோ, பிறகு நான் வாயே திறக்கமாட்டன்" என்றான்.

இங்கே உடுப்புக்குள் மறைத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. துவக்குக் கடைக்காரன் உள்ளங்கைக்குள் அடங்குகிற ரோஸ் நிற பிஸ்ரல் ஒன்றைக் காட்டிப் பெண்களுக்கு இதுதான் என்கிறான். நம் குடும்பத்தில் பிஸ்ரல் பிடித்தவள் நீ ஒருத்திதான். எதை வாங்கட்டும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மேரிகிறேஸ் அக்கா


சில்க்போர்க்
26.02.2025

என் அக்காவுக்கு,

உங்களையும் அத்தானையும் ஆண்டவர் காத்ததற்கு முதலில் நன்றி. நாங்கள் சுகம். முழங்கால் படியில் ஏறும்போது மட்டும் தன் பெயரைச் சொல்லும். ஈரப் பனி கொட்டுகிறது, பஸ் பிந்துகிறது, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், அதுதான் பிளைஹெம்மில், என் முதியவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். எல்லாம் வழமைபோல.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. நாங்கள் ஜெபத்துக்குப் போகிற கோல்டிங் சபையில் என்னை இன்னும் "துவக்குக்காரச் சகோதரி" என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அக்காவுமா? ஆனால் பகிடியை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த ஊரில் காரணமில்லாமல் சட்டைப் பைக்குள் ஒரு கத்தி வைத்துத் திரிந்தாலே பொலிஸ் கேட்கும். நான் சுடும் கிளப்பில் சேர்ந்து இரண்டு வருடம் சுட்ட பிறகுதான் சொந்தமாக ஒன்று வைத்திருக்க அனுமதி தந்தார்கள். அதையும் பூட்டிய பையில் கொண்டுபோய், பூட்டிய பெட்டிக்குள் திருப்பி வைக்க வேண்டும். ஆகவே மறைத்து வைத்துத் திரிவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கை தெரியும்.

அந்த ரோஸ் நிறத்தைத் தொடாதீர்கள். சின்னதாகவும் பாரமில்லாமலும் இருந்தால் கைக்கு லேசு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. சின்னன்தான் கூட உதைக்கும். இரண்டு வெடியோடு பயம் பிடித்து அலுமாரிக்குள் போட்டுவிடுவீர்கள். சட்டைக்குள் மறைகிற அளவில், உங்கள் சின்னவிரலுக்கும் பிடிக்க இடமுள்ள ஒன்று வேண்டும். ஹான்ட்பாக்கில் சாவிக்கும் சீப்புக்கும் நடுவில் போடவே கூடாது. விசையை முழுதாக மூடுகிற உறைக்குள், இடுப்பில்.

எல்லாவற்றுக்கும் முதல் அளவு. வெள்ளைத் தாளில் உங்கள் வலது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். படம் எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும். தாளே வர வேண்டும்.

அத்தானின் எழுத்து டொக்டரின் எழுத்தைவிட மோசம். கண்ணாடியைக் கெதியாகச் செய்யுங்கள்.

முத்தங்களுடன்
கிருபா


ரெக்ஸாஸ்
15.03.2025

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். உங்கள் நலத்துக்கும் ஜெபிக்கிறோம்.

நீ கேட்ட வலது கை இத்துடன் இருக்கிறது. அத்தான்தான் சுற்றி வரைந்தார். கண்ணாடி இன்னும் வரவில்லை. கடையில் வேலை கூட, வேறு புதினம் இல்லை.

அக்கா


சில்க்போர்க்
02.04.2025

அன்பு அக்கா,

எல்லோரும் சுகம்தானே? எங்கள் வீட்டில் தபிதாவுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிற தடிமன்.

உங்கள் கை வந்து சேர்ந்தது. தாளை மேசையில் விரித்து என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். எட்டு வருடமாக நேரில் காணாத கை. கொஞ்சம் அழுதேன், பிறகு அளக்க அடிமட்டத்தை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அதைக் கிளப்புக்கும் கொண்டுபோனேன். பாடசாலை விளையாட்டு மண்டபத்தின் கீழ் நிலவறையில்தான் எங்கள் இடம். எங்களைப் பழக்குகிற ஹென்றிக், வாழ்நாள் முழுக்க மரவேலை செய்தவர். தாளைக் கண்டதும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். மட்டையில் கையை வெட்டி எடுத்து, கிளப்பில் இருந்த பிடிகள் எல்லாவற்றிலும் சுற்றிப் பார்த்தார். "உன்ரை அக்காவுக்கு மெல்லிசான பிடி வேணும். மொத்தமானதைக் குடுத்தால் விசையைத் தொட விரல் நீட்டவேண்டி வரும், வெடி பக்கத்துக்குப் போகும்" என்றார்.

ஆகவே இதுதான் முடிவு. ஒன்பது மில்லிமீற்றர், குண்டுகளை ஒற்றை வரிசையாக அடுக்குகிற மகஸீன். அதில்தான் பிடி ஒடுக்கமாக இருக்கும். கையில் வைத்தால் கொஞ்சம் பாரம் தெரிய வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் பிரிகிற கவட்டிலிருந்து சுட்டுவிரலின் சதைவரை அளந்து, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடையில் அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். சுடுமிடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இந்த அளவில் எடுத்தால் உங்கள் கைக்குத் தைத்தமாதிரி இருக்கும். நான் பொறுப்பு.

கிருபா


ரெக்ஸாஸ்
20.05.2025

அன்புத் தங்கைக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. நாங்கள் சுகம். தபிதாவின் சோதனைகள் முடிந்தனவா?

நீ சொன்னதையே வாங்கினோம். அடிமட்டம் பிடித்துத்தான். நாலு தரம் சுடப் போனேன். ஐம்பது வெடியில் பதினொன்றுதான் தாளில் பட்டது. மிச்சம் எங்கே போனது என்று அங்கே நின்ற பெடியனுக்கும் தெரியவில்லை. விசையில் விரல் சரியாக இருக்கவில்லை. உன் பிழை இல்லை. ஜொனத்தன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சியாட்டில் நல்ல ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நீ எனக்காக மினக்கெட்டதற்கு நன்றி. உன் முழங்காலைக் கவனி.

அக்கா


சில்க்போர்க்
01.06.2025

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு பிழைக்க முடியாது. நான் பிழைத்தாலும் ஹென்றிக் பிழைக்கமாட்டார். அந்த விரல் அந்த விசையில் போய் இருந்தே ஆக வேண்டும். மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன்.

நேற்று தபிதா சோறு சாப்பிட்டபடி தாளை எட்டிப் பார்த்தாள். "மோ, பெரியம்மா ரெண்டு கையிலையும் மோதிரம் போடுறவவோ?" என்று பாதி டெனிஷில் கேட்டாள். அவளுக்கு அம்மா என்றால் "மோ"தான்.

பென்சில் கோடு மோதிரவிரலின் அடியில் வெளியே தள்ளி வளைந்திருக்கிறது. உங்கள் கலியாண மோதிரம். சவர்க்காரம் போட்டாலும் கழலாத மோதிரம். அது உங்கள் இடது கையில் அல்லவா இருக்கிறது?

இடது கையை மல்லாத்தி வைத்தால் பெருவிரல் வலது கைபோலவே இடப்பக்கம் நிற்கும். என் கையை வைத்துப் பார்த்தேன். என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். உடைந்த கண்ணாடி நாலு மாதமாக வரவில்லை. வீடியோவில் கதைத்தபோதெல்லாம் வலது கை மேசைக்குக் கீழே இருந்தது. இப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வருகிறது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோபத்தைவிடப் பயமாக இருக்கிறது. உங்கள் வலது கைக்கு என்ன நடந்தது? அத்தான், எழுதுகிறவர் நீங்கள்தானே, நீங்களாவது உண்மையை எழுதுங்கள்.

கிருபா


ரெக்ஸாஸ்
22.06.2025

கிருபா,

சரி. உனக்கு மட்டும்.

அவன் காசை அள்ளியபோது நான் லாச்சியைப் பிடித்துக்கொண்டேன். மடைச்சி. ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. அவன் முழங்காலால் லாச்சியை இடித்து மூடினான். என் கை உள்ளே இருந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் மூன்று இடத்தில் உடைந்தன. கம்பி போட்டார்கள், எடுத்தார்கள். இப்போது இரண்டும் மடங்காது. பேனா பிடிக்க முடியாது. அந்த விறைத்த விரலைத்தான் விசைக்குள் விட்டுப் பார்த்தேன்.

ஜொனத்தனுக்குக் கதவு இடித்துச் சுளுக்கியது என்று சொன்னோம். உண்மை தெரிந்தால் அன்றைக்கே விமானம் ஏறி வந்து கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவான். உனக்குச் சொன்னால் நீயும் "விடுங்கோ அக்கா, போங்கோ" என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். ஒரு ஆளாவது என்னை முழு ஆளாக நினைத்துப் பதில் எழுத வேண்டும் போல இருந்தது. அதுதான் நல்ல கையை வரைந்து அனுப்பினேன்.

இனி எல்லாம் முடிந்தது. பிஸ்ரலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

அக்கா

பின்குறிப்பு: கிருபா, நான் வெறும் எழுத்தர். ஆனால் இதைச் சொல்லச் சொல்லி உன் அக்கா சொல்லவில்லை: அவ கடைக்குப் பின்னால் போய் நின்று அழுகிறா. ஏதாவது செய். - இன்பநாதன் அத்தான்


சில்க்போர்க்
05.07.2025

என் அருமை அக்காவுக்கு,

வந்த கோபம் எல்லாம் அத்தானின் பின்குறிப்போடு போய்விட்டது. ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "போய் என்ன செய்யப் போறீர், ரெண்டு பேருமா அழவோ? எழுதும்" என்றார். எழுதுகிறேன்.

பிஸ்ரலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நீங்கள் பொய் சொல்லி அனுப்பிய கை இருக்கிறதே, அந்தக் கைக்குத்தான் நானும் ஹென்றிக்கும் அளவெடுத்தோம். அந்த பிஸ்ரல் உங்கள் இடது கைக்குத் தைத்தது. பிஸ்ரலில் பிழையில்லை. கையை மாற்றுங்கள்.

"இடக்கையாலையோ?" என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. ஓம், இடக்கையாலை! நீங்கள் பிறப்பிலேயே இடக்கை. ஞாயிறுப் பள்ளியில் உங்கள் இடக்கையைக் கைலேஞ்சியால் கதிரையில் கட்டி வைத்துச் சோத்துக்கையால் எழுதப் பழக்கியதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்தக் கையை அவிழ்த்துவிடுங்கள். உறுதிப்படுத்த ஒரு சோதனை: இரண்டு கையையும் நீட்டி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மணிக்கூடு ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அந்தக் கண்தான் குறி பார்க்கிற கண்.

தெரியாததை எழுதக் கூடாது என்று நானும் இடக்கையால் சுடத் தொடங்கிவிட்டேன். என் பிஸ்ரலின் மரப்பிடி வலக்கைக்குச் செதுக்கியது, அதனால் கிளப்பில் பழகுகிறவர்களுக்கு வைத்திருக்கும் பழையதை எடுக்கிறேன். முதல் நாள் பக்கத்துக்காரனின் தாளில் சுட்டேன். தபிதா, "மோ, டு எர் ஸ்கோர்" என்றாள். எனக்குப் பைத்தியமாம். மூன்றாம் நாளிலிருந்து பிடிபடுகிறது. நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

குண்டேற்றும்போது மேல் இரும்பை வலக்கையால் இழுக்கப் பார்க்காதீர்கள். குழாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையையும் கடைசி இரண்டு விரலையும் மேலே வைத்து அப்படியே நிறுத்துங்கள். இடக்கையால் பிஸ்ரலை முன்னே தள்ளுங்கள். தள்ளுகிற கை பலமான கை. மகஸீன் கழற்றும் பொத்தானை மற்றப் பக்கத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதில் மாற்றலாம். உறை இடப்பக்க இடுப்புக்கு. பிடிக்கிற கைக்கு வலக்கை முண்டு கொடுத்தால் போதும், அதற்கு விரல் மடங்கத் தேவையில்லை. விசையைப் பறிக்காமல் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம், குண்டில்லாமல், ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டு.

விடுங்கோ, போங்கோ என்று நான் சொல்லவில்லை. பார்த்தீர்களா?

என்றும் உங்கள்
கிருபா


ரெக்ஸாஸ்
14.09.2025

என் தங்கச்சிக்கு,

இந்தக் கோழிக் கிறுக்கல் என்னுடையது. இடக்கை. இவ்வளவையும் எழுத மூன்று நாள். அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

மணிக்கூடு இடது கண்ணில்தான் நின்றது. முதல் நாளே ஐம்பதில் முப்பத்தொன்று. போன கிழமை நாற்பத்தாறு! அந்தப் பெடியன் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

கவுண்டரில் முதலில் வெட்கமாக இருந்தது. இடக்கையால் மிச்சக் காசு கொடுத்தால் நம்மவர்கள் என்ன நினைப்பார்கள்? மதுரைக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். வலக்கையைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு சாம்பார் கொண்டுவந்து தந்தார்.

சோதனை ஒக்ரோபர் பதினெட்டு. இருநூற்றைம்பதுக்கு நூற்றெழுபத்தைந்து எடுத்தால் போதும். எனக்குப் போதாது.

அக்கா


சில்க்போர்க்
30.09.2025

அக்கா, என் அக்கா!

உங்கள் எழுத்தைக் கண்டு துள்ளினேன், முழங்கால் இரண்டு நாள் என்னைத் திட்டியது. எல்லோரும் சுகம்.

எங்கள் தெரு முனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவரும் கடிதம் எழுதுவதில்லையாம். அதனால் இதைக் கடைவரை நடந்துபோய்க் கொடுக்கிறேன்.

நல்ல புதினம் ஒன்று. போன சனி கிளப்புப் போட்டி. "இடக்கையாலை சுட விதியிலை தடை இருக்கோ?" என்று ஹென்றிக்கிடம் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இல்லை, ஆனா உனக்குப் புத்தியும் இல்லை" என்றார். இருபத்தாறு பேரில் எனக்கு மூன்றாம் இடம். ஹென்றிக்குக்கு நாலாம் இடம்! மனிசன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனார். கிண்ணம் முட்டைக் கோப்பை அளவுதான். பிளைஹெம்முக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன்.

சோதனைக்கு ஒரே ஒரு புத்திமதி. போன வெடியை நினைக்காதீர்கள், வரும் வெடியை நினைக்காதீர்கள். மூச்சை விட்டு, அரைவாசியில் நிறுத்தி, மெதுவாக. அவ்வளவுதான். அன்றைக்கு நான் உபவாசம் இருப்பேன்.

கிருபா


ரெக்ஸாஸ்
16.11.2025

என் கிருபாவுக்கு,

நான் சுகம்! நல்ல சுகம்! நீங்கள் மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும்.

இருநூற்றைம்பதுக்கு இருநூற்று நாற்பத்தொன்று. வகுப்பில் பதினாறு பேர், அதில் பன்னிரண்டு ஆம்பிளைகள். எனக்கு மேலே ஒருத்தன்தான், அவனும் முன்னாள் பட்டாளம். யாரிடம் பழகினீர்கள் என்று பரீட்சகர் கேட்டார். "டென்மார்க்கிலை இருக்கிற தங்கச்சியிட்டை, கடிதத்திலை" என்று சொன்னேன். திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன்.

நான் ஜொனத்தனுக்கு இதைப் போனில் சொல்லவில்லை. குத்தகை முடிவதால் சாமான் கட்ட உதவி செய்ய வருகிறேன் என்று போன வெள்ளி வெறும் பெட்டிகளோடு வந்து இறங்கினான். கவுண்டருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். முதலில் வலது கையை அவன் முன்னால் வைத்தேன். மடக்கிக் காட்டினேன். மடங்கவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவன் அழுதான், கிருபா. முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, வந்து போகிற ஆட்களுக்கு முன்னால் அழுதான். "ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்றான். "சொல்லியிருந்தா இது இருந்திருக்காது" என்று சொல்லி மதிப்பெண் தாளை வைத்தேன். அதை வாசித்தான். மேலிருந்து திரும்பவும் வாசித்தான். "இடக்கையாலையோ?" என்றான். "ஓம்" என்றேன். நீண்ட நேரம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பி, "அம்மா, அந்தப் பால் பெட்டியளை ஆர் உள்ளுக்கு வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு கூலர் பக்கம் போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். விற்கிற கதை அதற்குப் பிறகு அவன் வாயில் வரவில்லை.

நேற்றுக் காலை கட்டடச் சொந்தக்காரர் வந்தார். நான் கடையை விட்டுப் போகப் போவதாக எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வருடக் குத்தகைப் பத்திரம் ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பேனாவை வாங்கினேன். ஒன்று என்று அச்சடித்திருந்ததை வெட்டி, பக்கத்தில் ஐந்து என்று எழுதினேன். அவர் என்னைப் பார்த்தார், ஜொனத்தனைப் பார்த்தார். ஜொனத்தன், "அம்மாவிட்டைக் கேளுங்கோ, கடை அவவின்ரை" என்று இங்கிலீசில் சொன்னான். அவர் ஒப்பமிட்டார். நான் இடக்கையால் என் முழுப் பெயரையும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

இப்படிக்கு,
இன்னும் ஐந்து வருடத்துக்குக் கடைக்காரி
மேரிகிறேஸ்